நாற்பத்தேழாம் எண்ணைத் தேடிப் போனவன்

1

இந்தக் கதையை நான் கூடாரத் துணி வழியாக ஒட்டுக்கேட்டேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

சென்ற ஆகஸ்ட் மாதம், ஹேசல் ஃபோர்க் இசைத் திருவிழாவின் முதல் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணி. என் காற்றுப் படுக்கையைக் காலால் மிதித்து ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரத்தில் ஆர்லீன் தன் பெரிய மகள் ஷெல்பியிடம் ஏதோ கிசுகிசுத்தாள். இரண்டு கூடாரங்களுக்கும் நடுவே நான்கடிப் புல்தான். மிதிப்பதை நிறுத்தினேன். படுக்கையிலிருந்து காற்று மெல்ல இறங்கிப் போனது. நான் அசையவில்லை.

பதினாறு வருஷமாக அந்த ஆற்றோரப் புல்வெளியில் ஏக்கர்ஸ் குடும்பமும் நானும் அக்கம்பக்கம். மற்ற நாட்களில் அவர்கள் ஊர் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தமிழில் கதை எழுதுவேன். அது அவர்களுக்குத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால்தான் என் முன்னால் எதையும் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது:

“மலைகளின் மேல் பனிமூட்டம் படர்ந்திருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு பான்ஜோ—”

(விட்டுவிட்டேன். பனிமூட்டம் இருந்தது உண்மை. ஆனால் ஹேசல் ஃபோர்க்கில் ‘தூரத்தில் ஒரு பான்ஜோ’ என்பதே கிடையாது. எல்லாப் பான்ஜோவும் காதுக்குள்தான்.)

இரண்டாவது:

“ஆர்லீன் ஏக்கர்ஸுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் கணவன் வெண்டல் ஒரு கொடு—”

இதையும் விட்டேன். ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். ஆக மிஞ்சியது, படுக்கையிலிருந்து காற்று போன தொடக்கம்தான்.

2

ஆர்லீன் மகளிடம் சொன்னது இது. அவள் பிடில் வாசிப்பாள். பதினோரு வருஷமாக வாசிக்கிறாள். சனிக்கிழமை போட்டிக்கு ஜூன் மாதமே தபாலில் பெயர் கொடுத்துவிட்டாள். கூடவே கிடார் வாசிக்க ஓர் ஆள் வேண்டும். ஷெல்பி வருவாளா?

ஷெல்பிக்குப் பதினேழு வயது. பிறந்ததிலிருந்து அம்மா ஒரு வாத்தியத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. அந்த வீட்டில் இசை என்றால் அப்பா. மூன்று மாவட்டங்களில் பான்ஜோ வாசிக்கிறவர்கள் வெண்டல் ஏக்கர்ஸ் பெயரைச் சொன்னால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். அம்மா என்றால் அந்த நாற்காலிகளைக் காரிலிருந்து இறக்குகிறவள்.

“ஏம்மா, நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“எங்க வாசிப்ப?”

“பஸ்ல.”

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட எட்டேகால் ஆகும். மறுபடி ஏற்றிக்கொள்வது இரண்டு பத்துக்கு. நடுவில் மலைமேட்டுத் தேவாலயத்தின் பின்னால் காலிப் பேருந்தை நிறுத்திவிட்டு, நாற்பத்தெட்டு பச்சை இருக்கைகளுக்கு முன்னால் நின்று அவள் வாசித்திருக்கிறாள். மழை, பனி, வெயில். பதினோரு வருஷம்.

ஏன் ஒளிந்து வாசிக்க வேண்டும் என்று ஷெல்பி கேட்டாள். அதற்கு ஆர்லீன் சொன்ன பதிலைக் கேட்டபோதுதான் இதை எழுதத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

“தப்பா வாசிக்கிறதுக்கு எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்துச்சு. உங்கப்பாவுக்குக் காது ரொம்ப நல்ல காது. அப்படி ஒரு காது இருக்கிற வீட்டுல தப்பா வாசிக்க முடியாது, கண்ணு.”

[இவர்கள் பேச்சை எந்த ஊர்த் தமிழில் எழுதுவது என்று ஒரு வாரம் திண்டாடினேன். இந்த மலைப் பக்கத்து ஆங்கிலப் பேச்சுக்கு ஓர் இழுவை உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆர்லீன் ‘ஏனுங்க’ என்றதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொதுவான பேச்சிலேயே விட்டுவிட்டேன். இழுவையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.]

3

வெண்டலைப் பற்றி.

முதல் வரைவில் அவனைக் கொடுமைக்காரனாக எழுதினேன். மனைவியின் திறமையை நசுக்கிய கணவன். சுலபமாக வந்தது, நான்கு பக்கம் மடமடவென்று. ஐந்தாம் பக்கத்தில் என் வீட்டுச் சந்தில் பனிவாரி வண்டியின் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெண்டல். சாலைத் துறையில் வேலை. ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் தன் வீட்டு வாசலைக் கவனிக்கும் முன்பே என் சந்தின் பனியைத் தள்ளிவிட்டுத்தான் போவான். கையை ஆட்டிவிட்டுப் போனான். நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஆர்லீன் ஒரு பழைய பிடில் வாங்கி வந்தாள். வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கதை எழுதுவது எளிதாகியிருக்கும். பொறுமையாக, ஆசையாக, ஒவ்வொரு சுரத்தையும் திருத்தினான். அவள் வில்லைத் தூக்கும் முன்பே ‘இன்னும் கொஞ்சம் மேலே’ என்பான். ஒன்பதாம் நாள் அவள் பிடிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இது எனக்கு வராது என்றாள். அவனுக்கு வருத்தம்தான். ஆனால் நம்பிவிட்டான்.

‘பதினோரு வருஷம் ஒரு மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. மூன்று வருஷம் முன் வெண்டல் என் கடைக்கு வந்து களிம்பு கேட்டான். ஆர்லீனுக்கு விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறதாம். “ஸ்டியரிங்கப் பிடிச்சுப் பிடிச்சு இப்படி ஆயிடுச்சு, பாவம்” என்றான். எந்தக் கை என்று கேட்டேன். இடது கை, நாலு விரல் என்றான். தினமும் பான்ஜோ தந்திகளை அழுத்தி வாசிக்கிற மனிதன், தன் இடது கை விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னான். களிம்பைக் கொடுத்தேன். நானும் யோசிக்கவில்லை.

4

ஆர்லீனின் திட்டம் எளிமையானது. மேடையில் ஏறுவாள். வெண்டல் வழக்கம்போல முதல் வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாள். படிவத்தில் ‘ஏ. கோடில்’ என்று பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டிருந்தாள். பட்டியலில் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அந்தத் திட்டம் கவிழ்ந்தது. ஐஸ்கட்டி வாங்கப் போன வெண்டல், ஐஸ்கட்டியே இல்லாமல், முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

“ஆர்லீன், என்னை நடுவராப் போட்டுட்டாங்க.”

“பான்ஜோவுக்கா?”

“பிடிலுக்கு. வழக்கமா வர்ற பெரியவருக்கு இடுப்பு ஆபரேஷனாம்.”

“நீ பான்ஜோக்காரன்தானே?”

“காது ஒண்ணுதானே.”

ஹேசல் ஃபோர்க்கில் நடுவர்கள் மேடைக்கு முன்னால் உட்காருவதில்லை. முகம் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்பதற்காக, மேடைக்குப் பின்னால் ஜன்னலை அடைத்த ஒரு கேம்பர் வண்டிக்குள், உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி அது, மூன்று பேரையும் உட்கார வைப்பார்கள். உள்ளே ஒரு ஒலிபெருக்கி. எண் மட்டும் சொல்வார்கள், பிறகு வாசிப்பு. யார், என்ன வயது, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது.

அன்று மதியம் ஆர்லீன் என் கூடாரத்துக்குள் வந்து, காற்றில்லாத படுக்கையில் உட்கார்ந்தாள். ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொண்டேன். அவளுக்கு முன்பே தெரியும். காற்றடிக்கிற சத்தம் நின்றதைக் கவனித்திருக்கிறாள்.

“பதினோரு வருஷமா அந்த மூஞ்சிய நினைச்சுத்தான் வாசிச்சேன், வனா. இப்ப மூஞ்சி போய் ஒரு தகரப் பெட்டிக்குள்ள உக்காரப் போகுது.”

ஷெல்பி விதித்தாளோடு வந்து நின்றாள். நடுவரின் வீட்டார் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று எட்டாவது விதி. ஆர்லீன் அதை இரண்டு முறை படித்தாள். நான் பெயர் கொடுத்தது ஜூனில், அவன் நடுவரானது ஆகஸ்டில், அப்படியானால் விதியை மீறியது அவன்தான் என்றாள். மருந்துக்கடைக்காரியான எனக்கு அந்த வாதம் சரியாகவே பட்டது.

பிறகு மூன்று பேரும் என் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டோம். ஆகஸ்ட் வெயிலில், காருக்குள், ஒத்திகை. முன் சீட்டில் ஆர்லீன், வில் முனை கூரையில் இடிக்க. பின் சீட்டில் ஷெல்பி. எனக்கு வேலை காவல். அவள் முதல் முறை வில்லை இழுத்ததும் நான் காவலை மறந்து திரும்பிப் பார்த்தேன். ஷெல்பி கிடாரையே தொடவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி?” என்றாள் ஆர்லீன்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் ஷெல்பி. “நீ யாரு?”

5

சனிக்கிழமை காலை. இதை வேகமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது வேகமாகத்தான் நடந்தது.

அறுபத்திரண்டு போட்டியாளர்கள். ஆர்லீனின் முதுகில் துணியில் எழுதிய 47. சின்ன மகள் டெசாவுக்கு ஒன்பது வயது. அவள் வயிற்றில் ரகசியம் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே அவள் வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சோளக்கதிர், பீச் பழம், மறுபடி சோளக்கதிர்.

ஒரு சிக்கல் வெள்ளிக்கிழமையே எங்களுக்கு உறைத்திருந்தது. ஷெல்பிக்குக் கிடார் கற்றுக்கொடுத்தவனே வெண்டல்தான். அவள் கை அவனுக்குத் தெரியும். அதனால் ஷெல்பி வேண்டுமென்றே மொட்டையாக, முதல் வருஷம் கற்றுக்கொள்கிற பிள்ளை மாதிரி வாசிப்பதென்று முடிவு. அவளுக்கு அது பெரிய அவமானம். அம்மாவுக்காக ஒப்புக்கொண்டாள்.

“எண் நாற்பத்தேழு,” என்றது ஒலிபெருக்கி.

முதல் வரிசையில் வெண்டலின் காலி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆர்லீன் ஏறி நின்றதும் நான்கு வரிசைக்கு ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லாருக்கும் அவளைத் தெரியும். வெண்டலின் மனைவி இங்கே எதற்கு, யாரையாவது காரை நகர்த்தச் சொல்ல வந்திருக்கிறாளா என்று என் பின்னால் ஒருவர் கேட்டார்.

அவள் ‘நனைந்த விறகு’ என்கிற மெட்டை எடுத்தாள். அந்த நிமிஷத்தை எழுத—

(எழுதவில்லை. ஆறு முறை முயன்றேன். ஆற்றைக் கொண்டுவந்தேன், குதிரையைக் கொண்டுவந்தேன், எல்லாம் பொய்யாக நின்றன. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.)

அவள் வலது கால் பிரேக்கை மிதித்து மிதித்து விடுவதுபோலத் தாளம் போட்டது. கண் எங்கள் தலைகளுக்கு மேலே எங்கோ, வரிசை வரிசையான பச்சை இருக்கைகளைப் பார்ப்பதுபோல நிலைத்திருந்தது. முதல் பகுதி இரண்டாம் முறை திரும்பியபோது காரைப் பற்றிக் கேட்டவர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் பகுதியில் உணவுக் கடை வரிசையில் நின்றவர்கள் இடத்தை விட்டுவிட்டு மேடைப் பக்கம் வந்தார்கள். டெசா சோளக்கதிரை மடியில் போட்டுவிட்டு, “அது எங்கம்மா” என்று இடப்பக்கத்தவரிடமும் வலப்பக்கத்தவரிடமும் சொன்னாள். நான் தடுக்கவில்லை. நானே முன் வரிசைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைதட்டக் கூடாது என்பது விதி, நடுவர்களுக்குக் கேட்டுவிடும். அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். முந்நூறு தொப்பி, சத்தமே இல்லாமல்.

6

அன்று சாயங்காலம் ஐந்தரை. வெயில் இன்னும் ஆற்றில் கிடந்தது. ஆர்லீன் இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வறுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இறுதிச் சுற்றுக்கு வந்த பத்து எண்களைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தேழு அதில் இருந்தது.

வழியில் போகிறவர்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வெண்டல் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தான். நடுவரானால் இவ்வளவு மரியாதையா என்று என்னிடம் மெல்லக் கேட்டான்.

பிறகு உட்கார மாட்டாமல் உட்கார்ந்து, எழுந்து, ஆரம்பித்தான்.

“ஆர்லீன், இன்னிக்கு ஒரு ஆள் வாசிச்சான் பாரு.”

அவள் கரண்டி நின்றது. “எத்தனாவது ஆளு?”

“நாப்பத்தேழு. எங்கிருந்து வந்தான்னே தெரியல. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கையைக் கேட்டதில்ல. யாரையும் பாத்துக் கத்துக்கிட்ட கை இல்ல அது. தனியா உக்காந்து, யாரும் கேக்காத இடத்துல, தானே தோண்டித் தோண்டி எடுத்திருக்கான்.”

வறுக்கிற கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி, வில்லாகப் பிடித்து இழுத்துக் காட்டினான். கூட இருந்த மற்ற நடுவர் இருவரும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்களாம். ஷெல்பி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள், அவிழ்த்துக் கட்டினாள். டெசாவின் வாயில் நான் ஒரு ரொட்டியைத் திணித்தேன்.

“ஆனா கூட வாசிச்ச கிடார்க்காரன் இருக்கானே, படுமோசம்,” என்றான் வெண்டல். “மரத்தை வெட்டுற மாதிரி.”

ஷெல்பி எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

உருளைக்கிழங்கு கருகியது. அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை. ஆர்லீன் சட்டியைப் பார்க்கவே இல்லை.

6 (மறுபடியும்)

இங்கே அவள் சொல்லியிருக்கலாம். ‘அது நான்தான்’ என்று இரண்டு வார்த்தை. ஒரு வரைவில் சொல்லவும் வைத்தேன். கதை ஆறாம் பகுதியிலேயே முடிந்து, எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். உண்மையில் அவள் சொல்லவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். இன்னும் ஒரு வாக்கியம் கேட்க வேண்டும்போல இருந்ததாம். அதற்கப்புறம் இன்னும் ஒன்று. தன்னைப் பற்றித் தன் புருஷன் இப்படிப் பேசுவதை நிறுத்த எந்தப் பெண்ணுக்கு மனசு வரும் என்றாள்.

ஆகவே அவள் கேள்வி கேட்டாள். வேறு என்ன நன்றாக இருந்தது? முதல் பகுதி எப்படி? குறையே இல்லையா?

“இருக்கு. ரெண்டாவது பகுதியில கொஞ்சம் அவசரப்படுறான்.”

“அவசரமெல்லாம் இல்ல,” என்றாள் ஆர்லீன், பட்டென்று.

வெண்டல் நிமிர்ந்து பார்த்தான். “நீ கேட்டியா?”

“கேட்டேன். மைதானத்துலதான் இருந்தேன்.”

“அப்ப ஆளையும் பாத்திருப்பியே. எப்படி இருந்தான்?”

அவள் கருகிய துண்டுகளைத் தட்டில் போட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்றாள். பிறகு, “ஆம்பளைன்னு எப்படி முடிவு பண்ணின?” என்று கேட்டாள்.

வெண்டல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து கருகிய உருளைக்கிழங்கு முழுவதையும் தின்றான். நல்லா இருக்கு என்றும் சொன்னான்.

[இந்தப் பார்வையை நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதிய மூன்று வரிகளை அடித்துவிட்டேன்.]

7

ஞாயிறு காலை ஆர்லீன் பதிவு மேசைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மேசையில் ஓபல், அந்தத் திருவிழாவின் எல்லாத் தாள்களையும் கையாளுகிறவள். ஆர்லீன் 47 என்ற துணியை மடித்து முன்னால் வைத்து, விலகிக்கொள்கிறேன் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமையே தெரியும்,” என்றாள் ஓபல். “யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

வரிசையில் நின்றவர்கள் கொதித்துப் போனார்கள். அவள் வாசித்தே ஆக வேண்டும் என்றார் ஒருவர். கூட்டம் கூடிவிட்டது. ஷெல்பி ஓடிவந்து, ஜெயிக்கப் போகிற நேரத்தில் இப்படிப் பண்ணாதே என்று அழுதாள். இந்த முறை ஒழுங்காகக் கிடார் வாசிக்கிறேன் என்று வேறு சொன்னாள்.

ஆர்லீன் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“நான் ஜெயிச்சா உங்கப்பா காதைப் பத்திப் பேசுவாங்க. பொண்டாட்டிக்குப் போட்டுட்டான்னு. அந்த மனுஷன்கிட்ட அந்தக் காது ஒண்ணுதான் இருக்கு. அதுல கைய வைக்கச் சொல்றியா?”

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவனிடம் யாரும் சொல்லாதீர்கள், நான்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இருநூறு கூடாரமும் அதைக் காப்பாற்றியது. டெசா உட்பட. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

8

மதியம் இறுதிச் சுற்று. “நாற்பத்தேழு விலகிக்கொண்டது” என்று அறிவித்தார்கள். மேடைக்குப் பின்னால் அந்தக் கேம்பர் வண்டி ஒரு முறை ஆடியது. உள்ளே வெண்டல் துள்ளி எழுந்திருக்கிறான். மற்ற நடுவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்களாம். ஒன்பது பேரையும் கேட்டு, ஒழுங்காக மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து படியில் கால் வைக்காமலே குதித்து இறங்கினான்.

யார் ஜெயித்தது என்று கேட்கக்கூட நிற்கவில்லை. நேரே முதல் கூடாரத்துக்குப் போனான்.

“நாப்பத்தேழு யாரு, தெரியுமா?”

அங்கே இருந்தவர் பல்லைக் குத்திக்கொண்டே, ஆற்றுப் பக்கம் கேட்டுப் பாரு என்றார். ஆற்றுப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பெரிய ஓக் மரத்தடியில் விசாரிக்கச் சொன்னார்கள். மரத்தடியில் ஒரு கிழவர், “அந்த ஆளா, இப்பத்தான் நீலக் கூடாரம் பக்கமாப் போனமாதிரி இருந்துச்சு” என்றார். நீலக் கூடாரத்தில் இன்னும் நாலு கூடாரம் தள்ளி என்றார்கள். அவனுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அப்படி வாசிக்கிறவன் பாதியில் ஓடிப்போகலாமா, நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். அவனுக்குப் பின்னால், இருபதடி விட்டு, முதலில் ஐந்து பேர், பிறகு ஐம்பது பேர். சிலர் கையில் வாத்தியத்தோடு, சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு. குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு. அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கேட்டது என்னிடம். எங்கள் கூடார வரிசையின் முனையில் நின்றுகொண்டிருந்தேன்.

“பக்கத்துக் கூடாரத்துல கேளு, வெண்டல்.”

“அது என் கூடாரம்.”

“ஆமா,” என்றேன்.

அப்போது உள்ளே ‘நனைந்த விறகு’ ஆரம்பித்தது. ஆர்லீன் வாசித்துக்கொண்டே துணிக்கதவை விலக்கி வெளியே வந்தாள். பின்னால் ஷெல்பி, இந்த முறை தன் சொந்தக் கையில், அப்பா கற்றுக்கொடுத்த கையில். இரண்டு பகுதி, இரண்டு இரண்டு முறை. வெண்டல் புல்லில் நின்றான். ஆர்லீனுக்கு அவள் கேட்ட முகம் கிடைத்தது, மூன்றடி தூரத்தில். நான் நின்ற இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது.

அவள் முடித்தாள். அவன் ஏதோ சொன்னான். அதே நொடியில் மைதான ஒலிபெருக்கி வெற்றி பெற்றவரின் எண்ணை அலறியது.

எனக்குக் கேட்கவில்லை.

9

இந்த ஜனவரியில் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து, எட்டுப் பகுதிகளையும் அவர்கள் பேச்சிலேயே சொல்லிக்காட்டினேன். பிறகு, அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

ஆர்லீன் சொன்னாள்: “‘ரெண்டாவது பகுதியில இன்னும் அவசரப்படுற’ன்னான். நான் வில்லத் தூக்கி அடிக்கப் போனேன். ஆனா வனா, அவன் அதைப் பொண்டாட்டிகிட்ட சொல்ற மாதிரி சொல்லல. நாப்பத்தேழுகிட்ட சொன்னான்.”

ஷெல்பி இல்லை என்றாள். அப்பா, ‘எத்தனை வருஷம்?’ என்று கேட்டார். அம்மா, பதினொன்று என்றாள். அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வெண்டல் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்றான். அத்தனை பேருக்கு முன்னால் முட்டாளாக நின்றதாகவும், குழாயடிக்குப் போய் முகம் கழுவியதாகவும் சொன்னான். முதல் வார்த்தை பேசியது வீடு திரும்பும் வழியில், காருக்குள்தானாம்.

(கோபம் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றான். இப்போது? அக்டோபரிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மற்ற நாட்களில் ஆர்லீன் இன்னும் பேருந்தில்தான் வாசிக்கிறாள். அந்தப் பக்கம் அவன் போவதில்லை. நான் பார்த்தவரை அவ்வளவுதான்.)

டெசா ஒரு மூலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு மிக அருகில் நின்றவள் அவள்தான்.

“அப்பா என்ன சொன்னாருன்னா,” என்றாள், “‘சனிக்கிழமையே தெரியும்’னு சொன்னாரு.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். ஷெல்பி அவளைப் பொய்க்காரி என்றாள். டெசா தான் கேட்டதைத்தான் சொல்வதாகச் சொல்லி, இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டாள். ஆர்லீன் மட்டும் பாதியில் மறுப்பதை நிறுத்திவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தேதான் அன்று கரண்டியை வில்லாகப் பிடித்துக்கொண்டு அத்தனையும் அவளிடமே சொன்னானா? தெரிந்தேதான் கூடாரம் கூடாரமாகப் போய்க் கேட்டானா?

வெண்டல் எழுந்து அடுப்பில் விறகு போட்டான். நான் அவனிடம் நேராகவே கேட்டேன்.

“நீ எழுதுற பாஷை எங்க நாலு பேருக்கும் படிக்கத் தெரியாது, வனா,” என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. “உனக்கு எது பிடிக்குதோ எழுதிக்கோ.”

எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக நான்கையும் எழுதினேன். நான்கும் நன்றாக இருந்தன, அதுதான் வம்பு. ஒன்றை அச்சில் ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் சாப்பிட உட்காரும்போது மற்ற மூன்று பேரின் முகத்தை நான் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இவ்வளவு தூரம் அவனோடு கூடாரம் கூடாரமாக நடந்தும் வந்துவிட்டீர்கள். என்னைவிட நல்ல இடத்தில், அவன் முகம் தெரிகிற பக்கம், நின்றுகொள்ளுங்கள். ஒலிபெருக்கியை நான் அணைத்துவிடுகிறேன், அவன் சொல்வதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்லீன் வில்லைக் கீழே இறக்கினாள். வெண்டல் அவளைப் பார்த்துச் சொன்னான்: “